மகுடத்துக்கு முன்பே தொடங்கும் பணி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஆறு, ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. அழகிப் போட்டியில் கலந்துகொள்ளும் பெண், தான் முன்னிறுத்தப்போகும் சமூகப் பணியை எப்படிக் கண்டுகொள்வது என்பதே அந்த விஷயம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இத்தகைய போட்டிகளில் நேர்காணல் நடுவராகச் சில முறை அமர்ந்தவள் என்பதால், மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கண்டதும் இந்தப் பதில்களில் கலந்திருக்கும்.

கேள்வி: எனக்கு 22 வயது. விண்ணப்பப் படிவத்தில் 'நீங்கள் முன்னெடுக்கும் சமூக நோக்கம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை 200 சொற்களில் எழுதி அனுப்ப இன்னும் மூன்று வாரமே இருக்கிறது. சுற்றுச்சூழல், பெண் கல்வி, மனநலம், கைவிடப்பட்ட விலங்குகள் என எல்லாவற்றிலும் எனக்கு அக்கறை உண்டு. எதை எழுதினால் நடுவர்களிடம் எடுபடும்?

பதில்: எது எடுபடும் என்ற கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள், அந்தக் கணக்கு பலிப்பதில்லை என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே பிற்பகலில் இருபது பெண்கள் வந்து அமர்வார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் மனநலம் என்பார்கள், ஐந்தாறு பேர் பெண் கல்வி என்பார்கள். தலைப்பைக் கேட்டு எந்த நடுவரும் நிமிர்ந்து உட்கார்வதில்லை. "இதற்காகப் போன மாதம் என்ன செய்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வி விழும்போதுதான், மனப்பாடம் செய்துகொண்டு வந்தவரும் வேலை செய்துவிட்டு வந்தவரும் தனித்தனியே தெரியத் தொடங்குகிறார்கள்.

இந்த விதி எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீரும். மிஸ் அமெரிக்கா போட்டி 1921இல் அட்லாண்டிக் சிட்டியில் தொடங்கியது. ஆனால் போட்டியாளர் ஒவ்வொருவரும் ஒரு சமூகப் பிரச்சினையைக் கையில் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை 1989இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் மிஸ் அமெரிக்காவான கே லானி ரே ராஃப்கோ ஒரு செவிலியர். இறுதிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிப்பது குறித்தும், செவிலியர் பணி குறித்தும் அவர் தன் பட்ட ஆண்டு முழுவதும் சென்ற இடமெல்லாம் பேசினார். யாரும் அவரிடம் ஒரு நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை, அவரும் தேர்ந்தெடுக்கவில்லை. தன் கைகள் பழகிய வேலையைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான். அதைக் கண்டே பிற்பாடு எல்லாரும் ஒரு நோக்கத்தோடு வர வேண்டும் என்று விதி செய்தார்கள். அந்த விதி படிவத்தில் ஒரு கட்டமாக மாறியதும், கட்டத்தை நிரப்புவதற்காகவே நோக்கம் தேடும் நிலை வந்துவிட்டது. உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பதும் அதைத்தான்.

எனவே நான்கு தலைப்புகளில் ஒன்றைப் பொறுக்காமல், கடந்த இரண்டு ஆண்டுகளைத் திரும்பிப் பாருங்கள். யாரும் கேட்காமலேயே உங்கள் நேரம் எங்கே போயிருக்கிறது? எந்த விஷயத்தில் சந்தேகம் வந்தால் உறவினரும் தோழிகளும் உங்களைக் கூப்பிடுகிறார்கள்? பலர் கூடிய இடத்தில் யாராவது தவறாகச் சொன்னால் உங்களால் பொறுக்க முடியாமல் திருத்திவிடுகிற விஷயம் எது? பெரும்பாலும் விடை நீங்கள் படிக்கும் படிப்பிலோ, பார்க்கும் வேலையிலோ, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்ட அனுபவத்திலோதான் இருக்கும். 2017இல் உலக அழகியான மானுஷி சில்லர் மருத்துவ மாணவி. மாதவிடாய்க் காலச் சுகாதாரத்தை எடுத்துக்கொண்டார். 2020இன் மிஸ் அமெரிக்காவான கமீல் ஷ்ரையர் மருந்தியல் முனைவர் படிப்பு மாணவி; மருந்துகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றிப் பேசினார், திறமைச் சுற்றில் பாட்டோ நடனமோ இல்லாமல் ஒரு வேதியியல் செய்முறையையே செய்துகாட்டினார். இவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குவது கடினம். ஏனென்றால் படிவத்தில் எழுதாத நூறு விஷயங்களும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படி ஒரு துறை கிடைத்ததும், அதைக் குறுக்குங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 'இரத்த தான விழிப்புணர்வு' என்று எழுதுவது எளிது. ஆனால் சேமித்து வைத்த சிவப்பணுக்கள் 42 நாட்கள் வரை தாங்கும்போது தட்டணுக்கள் 5 முதல் 7 நாட்கள்தான் தாங்கும் என்பதையும், அதனால் ஆண்டுக்கு ஒரு முறை பெரிய முகாம் நடத்துவதைவிட மாறி மாறி வந்து தட்டணுக்கள் தரும் சிறு குழு புற்றுநோய்ப் பிரிவுக்கு அதிகம் உதவும் என்பதையும் அறிந்தவர், 'என் பகுதி மருத்துவமனைக்குத் தொடர்ந்து தட்டணு தரும் 30 பேரைத் திரட்டுகிறேன்' என்று எழுதுவார். முதலாவது வாசகத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம்; இரண்டாவதை அந்த வேலைக்குள் கால் வைத்தவர்தான் எழுத முடியும். அதேபோல் 'இதய நலம்' என்பது கரை காணாத கடல். திடீரென்று இதயம் நின்றுபோனவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தக் கற்றுத்தருவது ஒரே மாலையில் முடிகிற வேலை. எத்தனை பேர் கற்றார்கள் என்று எண்ணிச் சொல்லவும் முடியும்.

'விழிப்புணர்வு' என்ற சொல்லின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். விழித்துக்கொண்டவர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முடியாவிட்டால், அந்தச் சொல்லை உங்கள் 200 சொற்களில் இருந்து நீக்கிவிடுங்கள்.

மூன்று வாரத்தில் இதெல்லாம் முடியுமா என்றால், ஒரு புதிய அமைப்பைத் தொடங்கி, அதற்குப் பெயரும் சின்னமும் உருவாக்கி, சமூக வலைத்தளப் பக்கம் திறப்பதற்கு அந்த மூன்று வாரம் சரியாக இருக்கும். ஆனால் அதனால் யாருக்கும் பயன் இல்லை. மாறாக, அந்தத் துறையில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் ஓர் இடத்துக்குச் சென்று, அங்கே ஆள் இல்லாமல் கிடக்கிற வேலை எது என்று கேளுங்கள். தொலைபேசி எடுப்பது, பதிவேடு எழுதுவது, நோயாளிகளை அழைத்து வருவது என்று பெரும்பாலும் படம் எடுக்கத் தகாத வேலையாகத்தான் அது இருக்கும். அதை வாரம் இரண்டு முறை செய்துவிட்டு, படிவத்தில் உள்ளபடியே எழுதுங்கள்: எதைக் கண்டேன், மூன்று வாரமாக என்ன செய்கிறேன், பட்டம் கிடைத்தால் அதை எவ்வாறு பெருக்குவேன், கிடைக்காவிட்டாலும் எதைத் தொடர்வேன். மூன்று வாரத்தை மூன்று ஆண்டாக்கிச் சொல்லிவிடாதீர்கள். நேர்காணலில் முதலில் உடைவது அந்தப் பொய்தான்.

இன்னொன்று, போட்டிக்குப் போட்டி இந்தப் பகுதியின் எடை வேறுபடும். உலக அழகிப் போட்டியில் ஜூலியா மோர்லி 1972இல் தொடங்கிய 'பியூட்டி வித் எ பர்பஸ்' என்ற சேவைத் திட்டத்துக்குத் தனி மதிப்பீடு உண்டு; 2001இல் தொடங்கிய மிஸ் எர்த் போட்டியோ சுற்றுச்சூழலையே மையமாகக் கொண்டது. நீங்கள் கலந்துகொள்ளும் போட்டியின் விதிகளைப் படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: பதின்ம வயதில் மெலிய வேண்டும் என்ற வெறியில் உணவைத் தவிர்த்துத் தவிர்த்து மருத்துவமனையில் சேரும் நிலைக்குப் போனேன். அனோரெக்ஸியா என்றார்கள். இப்போது நலமாக இருக்கிறேன். ஆனாலும் மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. இதையே என் நோக்கமாக எடுத்துக்கொள்ள ஆசை. அழகிப் போட்டி மேடையில் இதைப் பேசுவது சரியா, பேசினால் எவ்வளவு பேசலாம்?

பதில்: இந்த நோயைப் பற்றி இந்த மேடையில் பேசுவதற்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது, உடல் அளவுகள் கவனிக்கப்படும் இடத்திலேயே நின்று அதைச் சொல்வதால் அது காதில் விழும். உங்களுக்கு முன்னோடியும் உண்டு. 2008ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்காவான கிர்ஸ்டன் ஹாக்லண்ட் பதின்ம வயதில் பாலே நடனம் பயிலும்போது இதே நோயில் விழுந்து மீண்டவர். உண்ணுதல் கோளாறுகளையே தன் நோக்கமாக வைத்தார்.

எவ்வளவு பேசலாம் என்பதுதான் நீங்கள் கேட்டிருப்பதில் கடினமான பகுதி. முற்றாகக் குணமானவர்தான் பேச வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 1999இன் மிஸ் அமெரிக்காவான நிக்கோல் ஜான்சனுக்கு இருந்தது முதல் வகை நீரிழிவு. அது குணமாகிற நோய் அல்ல. உடலில் இன்சுலின் பம்பு அணிந்தே போட்டியிட்டார், நீரிழிவைப் பற்றியே பேசினார், பிறகு பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டமும் பெற்று அதே துறையில் நிலைத்தார். 2025இல் உலக அழகியான ஓப்பல் சுசாத்தா, 16 வயதில் தன் மார்பில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றிய அனுபவத்தில் இருந்து மார்பகப் புற்றுநோய் பற்றிய தன் பணியை அமைத்துக்கொண்டார். இவர்கள் தங்கள் கதையைக் கையில் வைத்திருந்தார்கள், கதை இவர்களை இழுத்துக்கொண்டு போகவில்லை என்பதே நான் பார்க்கும் அளவுகோல்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1958இன் மிஸ் அமெரிக்காவான மேரிலின் வான் டெர்பர், சிறுவயதில் தன் தந்தையாலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவர். அதைப் பொதுவெளியில் அவர் பேசியது 1991இல், தன் 53ஆவது வயதில். மகுடம் சூடிய நாளில் இருந்து 30 ஆண்டுகளுக்கும் மேல் அவர் பேசாதிருந்ததை யாராவது குறை சொன்னால் அவரைவிடக் கல்நெஞ்சர் இருக்க முடியாது. பேசிய பிறகு, அதே துன்பத்தைச் சுமந்தவர்களுக்காக நெடுங்காலம் உழைத்தார். ஒரு பட்டத்துக்கான காலக்கெடுவும் மனத்தின் காலக்கெடுவும் ஒன்றாக அமைய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஆகவே இப்படிச் சோதித்துப் பாருங்கள். உங்கள் கதையை முன்பின் தெரியாத ஒருவரிடம் நான்கு நிமிடத்தில் சொல்லுங்கள், அவர் "அப்போது எத்தனை கிலோ இருந்தீர்கள்? இப்போதும் சாப்பிட்டதை வெளியேற்றுகிறீர்களா?" என்று கூச்சமே இல்லாமல் கேட்கட்டும். மேடைக்குப் பின்னாலும் பத்திரிகையாளர் வரிசையிலும் இவை கேட்கப்படும். அன்று இரவு நீங்கள் வழக்கம்போல் சாப்பிட்டு உறங்க முடிந்தால் சரி. முடியாவிட்டால், நோக்கத்தை வைத்துக்கொண்டு கதையை விட்டுவிடுங்கள்: பயிற்சி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஆரம்ப அறிகுறிகளைக் கற்றுத்தரும் பணியைச் செய்ய, நீங்கள் நோயாளியாக இருந்ததை யாருக்கும் அறிவிக்க வேண்டிய தேவை இல்லை. இதை முடிவு செய்யும்முன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். போட்டிக்கான தயாரிப்பே நோயைக் கிளறுமா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

பேசுவதென்று முடிவெடுத்தால், எடை, அளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டேன் போன்ற எண்களை எங்கும் சொல்லாதீர்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாதீர்கள். அந்த நோயில் இருக்கும் பெண்ணுக்கு அந்த எண் எச்சரிக்கையாகப் படாது, எட்ட வேண்டிய இலக்காகவே படும். இது உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

கேள்வி: நான் எடுத்திருக்கும் விஷயம் பலருக்குச் சங்கடமானது. 'பாதுகாப்பான' ஒன்றாக மாற்றிக்கொள் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: விஷயம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை; ஆகவே பொதுவாகவே சொல்ல முடியும். எய்ட்ஸ் என்ற சொல்லைப் பலர் தணிந்த குரலில் உச்சரித்த காலத்தில், 1993இன் மிஸ் அமெரிக்காவான லியான்ஸா கார்னெட்டும், பின்னர் 1998இல் கேட் ஷிண்டிலும் அதையே தங்கள் பணியாக எடுத்துக்கொண்டு பட்டம் வென்றார்கள். சங்கடம் என்பது தோல்விக்கு இன்னொரு பெயர் அல்ல.

ஏற்பாட்டாளருடன் உரசல் வந்த நிகழ்வும் உண்டு. 2003இன் மிஸ் அமெரிக்காவான எரிகா ஹெரால்டு, பள்ளியில் சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்டவர். இளையோர் வன்முறையைத் தடுப்பதே அவரது அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் திருமணம் வரை பாலுறவைத் தவிர்ப்பது பற்றியும் அவர் பல ஆண்டுகளாக இளையோரிடம் பேசிவந்தவர். அதைப் பேச வேண்டாம் என்று தனக்கு அழுத்தம் தரப்படுவதாக 2002இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்; சர்ச்சை எழுந்த பின், பேசலாம் என்று அமைப்பு இறங்கிவந்தது. அவர் கருத்தோடு எனக்கு உடன்பாடு இருக்கிறதா என்பது வேறு. பட்டம் கிடைத்தால் அந்த ஆண்டு முழுவதும் உங்கள் வாயில் இருந்து வரப்போவது அந்தச் சொற்கள்தான். ஆகவே எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தலைப்பின் சொற்களை மென்மையாக்கச் சொன்னால் இசையலாம். வேறு தலைப்புக்கே தாவச் சொன்னால், உங்களுக்கு எந்தப் பிடிப்பும் இல்லாத ஒன்றைப் பற்றி நடுவர் முன் எத்தனை நிமிடம் பேச முடியும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் போட்டிக்குத் தயாராகிறாள். பயிற்சி மையத்தில் 'சேவைத் திட்டம்' ஒன்றைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் காப்பகத்துக்கு அழைத்துச் சென்று குழந்தைகளோடு படமும் காணொளியும் எடுத்துத் தருவார்களாம். இதில் தவறு உண்டா?

பதில்: உண்டு, அம்மா. அந்தக் குழந்தைகளின் முகத்தை வெளியிட யார் சம்மதம் கொடுத்தார்கள்? அவர்களில் சிலர் இருக்குமிடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே அங்கே வைக்கப்பட்டிருக்கலாம். உங்கள் மகளின் படம் பத்து ஆண்டுகள் கழித்தும் இணையத்தில் கிடக்கும்; அதில் பக்கத்தில் நிற்கும் குழந்தை அப்போது வளர்ந்து, 'ஆதரவற்றவள்' என்ற அடைமொழியோடு தன் முகத்தைப் பார்க்க நேரும்.

இதைத் தவிர, நடைமுறை நோக்கிலும் அது வீண். அதே மையத்தில் பயிலும் பத்துப் பெண்கள் அதே காணொளியைக் கொண்டுவருவார்கள். நடுவர்களுக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மகளிடம் ஒரு நாள் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற, நீங்கள் இருவருமே 'சேவை' என்று பெயரிட்டுப் பார்க்காத ஏதோ ஒன்று வெளிவரக்கூடும். மிஸ் அமெரிக்கா 2000 பட்டம் வென்ற ஹெதர் ஃபிரெஞ்சின் தந்தை, வியட்நாம் போரில் காயமுற்று ஊனமடைந்தவர்; மகள் எடுத்துக்கொண்டது வீடற்ற முன்னாள் படைவீரர்களின் பிரச்சினை. 2001இல் அவர் பெயரைத் தாங்கிய சட்ட முன்வரைவே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அவருக்கு அதைத் தயாரித்துத் தர எந்தப் பயிற்சி மையமும் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: பெண்களை வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போடும் நிகழ்ச்சிக்கு, சமூக நோக்கம் என்பது ஒரு முகப்பூச்சுதானே?

பதில்: பல சமயம் ஆம். உலக அழகிப் போட்டி நீச்சலுடைச் சுற்றை நிறுத்துவதாக அறிவித்தது 2014இல். மிஸ் அமெரிக்கா கைவிட்டது 2018இல். சேவை பற்றிய பேச்சு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரு மேடைகளிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆகவே நீங்கள் சந்தேகப்படுவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பகுதியில் கடிதம் எழுதியவர்கள் போட்டியை நடத்துகிறவர்கள் அல்லர், கலந்துகொள்கிறவர்கள். கிடைக்கிற ஒலிவாங்கியை எதற்குப் பயன்படுத்துவது என்று யோசிக்கும் பெண்ணிடம், போட்டியின் குற்றத்துக்கான கணக்கை நான் கேட்க மாட்டேன்.

கேள்வி: இரண்டாம் சுற்றிலேயே வெளியேறிவிட்டேன். போட்டிக்காகத் தொடங்கிய சனிக்கிழமை வாசிப்பு வகுப்பில் 14 குழந்தைகள் இருக்கிறார்கள். 'இனி அது எதற்கு?' என்று தோழிகள் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் சலிப்பாகத்தான் இருக்கிறது. நிறுத்தினால் தவறா?

பதில்: நிறுத்துவது தவறில்லை, சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு. வகுப்பைத் தொடங்கியபோது நீங்கள் போட்டியை மனத்தில் வைத்திருந்தீர்கள் என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாது; அவர்களைப் பொறுத்தவரை சனிக்கிழமை என்றால் நீங்கள் வருவீர்கள். தோல்வியின் கசப்பு இருக்கும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் பிறகு மாறும் என்பதால், உடனே எதையும் முடிவு செய்யாமல், இன்னும் எட்டு சனிக்கிழமைகள் நடத்துவதென்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். யாரும் படம் எடுக்காத அந்த எட்டு வாரங்களில் சலிப்பு குறைகிறதா, கூடுகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

குறையாவிட்டால், அந்த இடைவெளியில் வகுப்பை ஏற்கக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரோ, நூலகப் பணியாளரோ, கல்லூரி மாணவியோ யாராகவும் இருக்கலாம். கடைசி இரண்டு வாரம் அவரையும் உடன் அமர்த்திக்கொண்டு நடத்துங்கள். நீங்கள் விலகுவதைக் குழந்தைகளிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். 14 குழந்தைகளுக்கும் ஒரு நோட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, யாருக்கு எந்தக் கூட்டெழுத்தில் தடுமாற்றம், யார் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார், யார் உரக்கப் படிக்கக் கூச்சப்படுகிறார் என்று எழுதி வையுங்கள். புதிதாக வருகிறவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.